திருவையாறு முதல் திருவாரூர் வரை ஒரு நாள் கார்ப் பயணம்: எது தேறியது, எது தேறவில்லை

தஞ்சாவூரில் வாடகைக் கார்க்காரர்கள் சிலர் "இசைச் சுற்றுலா" என்று ஒரு நாள் திட்டம் போட்டு விற்கிறார்கள். காலையில் ஏற்றிக்கொண்டு திருவையாறு, கும்பகோணம், திருவாரூர் என்று சுற்றிக் காட்டிவிட்டு ராத்திரி கொண்டுவந்து விடுவார்கள். நானும் என் கல்லூரி நண்பனும் போய் வந்தோம். தாராளமாகப் போகலாம். ஆனால் அவர்கள் போட்டிருக்கும் வரிசையில் போகாதீர்கள், அவர்கள் பெரிதாக எழுதியிருக்கும் நினைவிடங்களில் நேரத்தைக் கொட்டாதீர்கள், பட்டியலின் அடியில் பொடி எழுத்தில் "நேரம் இருந்தால்" என்று போட்டிருக்கும், நாதஸ்வரம் செய்கிற ஊரான நரசிங்கம்பேட்டைக்காகவே கிளம்புங்கள்.

நண்பனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த மாதிரிப் பயணம் யாரோடு போகிறோம் என்பதைப் பொறுத்தது. அவனுக்கு இளையராஜா பாட்டு மட்டும்தான் தெரியும், ராகம் தாளம் எதுவும் கிடையாது, கச்சேரி என்றால் பின்வரிசையில் தூங்குவான். அதனாலேயே நல்ல துணை. விஷயம் தெரிந்தவர்கள் கேட்கக் கூச்சப்படும் கேள்விகளை எல்லாம் அவன் வாசலிலேயே நின்று கேட்டுவிடுவான்.

முதலில் வண்டி. வண்டி நன்றாக இருந்தது, ஏசி வேலை செய்தது, டிரைவர் அண்ணன் நிதானமாக ஓட்டினார். குறை அந்த நிறுவனத்தின் மேல்தான், பெயர் வேண்டாம். "வழிகாட்டி உண்டு" என்று போனில் சொன்னார்கள். வந்தது ஒரு ஜெராக்ஸ் தாள். அதிலும் கர்நாடக இசை மேதை தியாகராஜர் பிறந்த ஊர் திருவையாறு என்று அச்சடித்திருந்தார்கள். பிறந்தது திருவாரூர், வாழ்ந்து மறைந்ததுதான் திருவையாறு. இசைச் சுற்றுலா என்று பேர் வைத்துவிட்டு இதைக்கூடப் பார்க்காவிட்டால் எப்படி? அப்புறம் திருபுவனம் வந்ததும் கேட்காமலேயே வண்டி ஒரு பட்டுக் கடை வாசலில் போய் நின்றது. திருபுவனம் பட்டு நல்ல பட்டு, அதில் சந்தேகமே இல்லை, ஆனால் அன்றைக்கு நாங்கள் கிளம்பியது புடவை எடுக்க இல்லை. இறங்க மாட்டோம் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டிரைவரைக் குறை சொல்ல மனசு வரவில்லை, அவருக்கு மேலிடத்து உத்தரவு.

திருவையாறுக்கு விடிந்ததும் போய்விடுங்கள். தை மாத ஆராதனையின்போது டிவியில் பார்த்துவிட்டு அதே பிரமாண்டத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் மற்ற நாட்களில் ஏமாந்து போவார்கள். ஆராதனை என்பது தியாகராஜர் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமியன்று பந்தல் போட்டு, பாடகர்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்திலும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடும் திருவிழா. மற்ற நாளில் அது காவிரிக் கரையில் ஒரு சின்னச் சன்னதி, அவ்வளவுதான். துணி துவைக்கிற சத்தம் கேட்கும், ஒரு பாட்டுக் கூடக் கேட்காது. நாங்கள் போனபோது ஆற்றில் தண்ணீர் கணுக்கால் அளவு.

ஆனால் அங்கே ஒன்றை நின்று பார்க்க வேண்டும். தியாகராஜர் சமாதியைப் பார்த்தபடி, கைகூப்பி உட்கார்ந்த கோலத்தில் ஒரு பெண்ணின் சிலை. நண்பன் கேட்டான், "யாருடா இந்த அம்மா? அவர் சம்சாரமா?" பெங்களூர் நாகரத்தினம்மாள். 1878இல் பிறந்தவர், தேவதாசி மரபில் வந்தவர், சென்னையில் பெரும் புகழோடும் பணத்தோடும் இருந்த பாடகி. குருவாக நினைத்த தியாகராஜரின் சமாதி சிதைந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்டு, தன் சொந்தச் சொத்தைப் போட்டு 1920களில் இந்தக் கோயிலை எழுப்பினார். கோயில் கட்டியவருக்கே ஆராதனையில் பாட இடம் கொடுக்கவில்லை, பெண்கள் அங்கே பாடக் கூடாது என்று ஆண்கள் கட்சி கட்டிக்கொண்டு நின்றார்கள். அவர் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தனியாகவே ஆராதனை நடத்தினார். 1940 வாக்கில்தான் கட்சிகள் எல்லாம் ஒன்றாகி ஒரே ஆராதனை ஆனது. நான் சொல்லி முடித்ததும் இவன் கேட்டது: "வீடு கட்டினவங்க வாசல்ல, விருந்தாளிங்க உள்ளயா?" இதற்கு மேல் நான் என்ன சொல்வது. அவர் 1952இல் காலமானார், அவருக்கும் அங்கேயே சமாதி. சுற்றுலாத் தாளில் அவர் பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை.

திருமஞ்சன வீதியில் தியாகராஜர் வாழ்ந்த வீடு என்று காட்டுவார்கள். பழைய வீடு இப்போது இல்லை, இடித்துவிட்டு அந்த இடத்தில் நினைவிடமாகப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். சுத்தமாக இருக்கிறது. பத்து நிமிடம் போதும்.

அதைவிட ஐயாறப்பர் கோயிலுக்குப் போங்கள். தெற்குப் பிரகாரத்தில் ஒரு இடத்தில் நின்று "ஐயாறா" என்று கூப்பிட்டால் எதிரொலி திரும்பத் திரும்ப வரும். ஏழு முறை என்பார்கள், எனக்கு நாலைந்துக்கு மேல் பிடிபடவில்லை. நண்பன் முதலில் கூச்சப்பட்டு முணுமுணுத்தான், ஒன்றும் வரவில்லை. அப்புறம் கிரிக்கெட் மைதானத்தில் கத்துகிற மாதிரி ஒரு கத்து கத்தினான், பிரகாரமே பதில் சொன்னது, பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். நாள் முழுக்கச் சுற்றியதில் காசு கொடுக்காமல், யாரையும் கேட்காமல், நாமே சத்தம் எழுப்பி அனுபவிக்க முடிந்த இடம் இது ஒன்றுதான். கூட்டம் வருவதற்கு முன் போய்விடுங்கள்.

வெளியே வந்ததும் அசோகா வாங்குங்கள். பாசிப்பருப்பும் நெய்யும் சர்க்கரையுமாகக் கிளறுகிற அல்வா, இந்த ஊர்ச் சிறப்பு. சூடாக, இலையில் வைத்துக் கொடுப்பதைச் சாப்பிட வேண்டும், பெட்டியில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோனால் பாதி ருசிதான்.

திருவையாற்றிலிருந்து கும்பகோணத்துக்கு டிரைவர் தஞ்சாவூர் திரும்பிப் போய்ப் பெரிய ரோட்டைப் பிடிக்கலாம் என்பார். விடாதீர்கள். காவிரிக் கரையோர ரோட்டிலேயே போகச் சொல்லுங்கள். குறுகல்தான், எதிரே பஸ் வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும், ஆனால் திருப்பழனம், கணபதி அக்ரகாரம், உமையாள்புரம், கபிஸ்தலம், சுவாமிமலை என்று ஊர்ப் பலகைகளாக வரும். வித்வான்கள் பெயருக்கு முன்னால் மட்டுமே கேள்விப்பட்டிருந்த ஊர்கள் மைல்கல்லில் வருவதைப் பார்க்க எனக்கு ஒரு சந்தோஷம். உமையாள்புரம் என்றால் எல்லோருக்கும் மிருதங்கம் சிவராமன் ஞாபகம் வரும். அதற்கு முன்பே தியாகராஜரின் சீடர் வழியில் வந்த கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் இருவருக்கும் அதுதான் ஊர். இறங்கிப் பார்க்க அங்கே ஒன்றும் வைத்திருக்கவில்லை, பெட்டிக்கடையும் மூங்கில் புதரும் ஆறும்தான். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. ஒவ்வொரு ஊரிலும் ஒரு சிமெண்ட் மண்டபம் கட்டிப் பூட்டி வைப்பதற்கு இது மேல்.

கும்பகோணம், தாராசுரம் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். தாராசுரத்தில் பலிபீடத்தின் அருகே தட்டினால் ஸ்வரம் எழும்பும் கல் படிகள் உண்டு. ஆளாளுக்குத் தட்டித் தட்டித் தேய்ந்துபோனதால் இப்போது கம்பி போட்டு மூடிவிட்டார்கள். நல்ல காரியம், ஆனால் அதற்காகவே போகிறவர்கள் கம்பியைத்தான் பார்க்க முடியும். கோயில் இரண்டாம் ராஜராஜன் கட்டியது, சிற்பங்களுக்காகவே அரை நாள் தரலாம், இசை என்று சொல்லி அரை மணியில் ஓடுவது அநியாயம். கும்பேஸ்வரர் கோயிலில் கல்லால் ஆன நாதஸ்வரம் ஒன்று உண்டு. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நடை சாத்தும் நேரம். பொதுவாக இந்தப் பக்கத்துக் கோயில்கள் எல்லாம் மதியம் சாத்திவிட்டுச் சாயங்காலம்தான் திறக்கும், அதனால் திட்டம் போடுகிறவர்கள் மதிய நேரத்தில் கோயில் வைக்கவே கூடாது. எங்கள் தாளில் பன்னிரண்டரைக்கு ஒரு கோயில், இரண்டு மணிக்கு இன்னொரு கோயில் என்று இருந்தது. எழுதியவர் இந்தப் பக்கம் வந்ததே இல்லை போல.

மதியச் சாப்பாடு கும்பகோணத்தில், வாழையிலையில், ஒரு குறையும் இல்லை. டிகிரி காபி தமிழ்நாட்டு நெடுஞ்சாலை எங்கும் இதே ஊர்ப் பெயரைச் சொல்லி விற்கப்படுகிறது. ஊரிலேயே குடித்தால் டபரா இல்லாமல் கண்ணாடி டம்ளரில் கொடுத்தார்கள். போகட்டும்.

சரி, நரசிங்கம்பேட்டை.

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் ரோட்டில் ஆடுதுறையைத் தாண்டியதும் வருகிற சின்ன ஊர். நாதஸ்வரம் செய்கிற குடும்பங்கள் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன, ஆனால் எண்ணிக்கை சுருங்கிக்கொண்டே வருகிறது. 2022இல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு பத்திரிகைக்காரர்களும் எங்களைப் போன்றவர்களும் வந்து எட்டிப் பார்ப்பது கூடியிருக்கிறது. அதனால் வேலை செய்கிற நேரத்தில் போய் நிற்கும்போது கொஞ்சம் பணிவாக இருங்கள், கேட்காமல் போனைத் தூக்கிப் படம் பிடிக்காதீர்கள்.

நாங்கள் போன பட்டறை வீட்டை ஒட்டிய ஒரு கொட்டகை. தரை முழுக்கச் செம்பழுப்பில் மரத்தூள், மூலையில் சாய்த்து வைத்த பழைய உத்தரக் கட்டைகள், கடைசல் இயந்திரம். வேலை செய்துகொண்டிருந்த பெரியவர் முதலில் எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை. "ஐயா, பார்த்துட்டுப் போகலாமா?" என்று கேட்டதும் தலையை மட்டும் அசைத்தார். கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்த பிறகுதான் பேச ஆரம்பித்தார், ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை.

மரம் ஆச்சா மரம். புதிதாக வெட்டிய மரம் உதவாது, நாளானால் முறுக்கிக்கொள்ளும், வெடிக்கும். பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற உத்தரம், தூண், ஜன்னல் சட்டம் இவைதான் வேண்டும். பல காலம் வெயிலும் மழையும் பார்த்துக் காய்ந்து இறுகிய மரம் என்றால் மணிக்கணக்கில் ஊதினாலும் நாதம் மாறாது. நண்பனுக்கு இது பிடித்துப் போய்விட்டது. யாரோ ஒருவரின் தாத்தா வீட்டு உத்தரம் கல்யாண வீட்டில் ஊதப்படுகிறது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே இருந்தான். பழைய வீடுகள் தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டான். பெரியவர் சிரித்தாரே ஒழிய பதில் சொல்லவில்லை.

குழலை உலவு என்கிறார்கள். வெளியே பார்க்க உருட்டிவிட்ட கட்டைபோல இருந்தாலும் விஷயமெல்லாம் உள்ளே. மேலே குறுகி, கீழே போகப் போக அகலும் துவாரம். அதை நீள நீளமான துரப்பணங்களால் படிப்படியாகக் குடைகிறார்கள். ஒரு கட்டத்தில் அவர் குழலை எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஒரு கண்ணை மூடி உள்ளே பார்த்தார், ஊதித் தூசியைத் தட்டினார், மறுபடி பார்த்தார், இன்னும் ஒரு சுற்றுக் குடைந்தார், மறுபடி பார்த்தார். அளவுகோல் எதையும் எடுக்கவில்லை. எங்களையும் பார்க்கச் சொன்னார். எனக்கு உள்ளே வழவழவென்று ஒரு வெளிச்ச வளையம் தெரிந்தது, அவருக்கு அதில் எங்கே மேடு எங்கே பள்ளம் என்று தெரிகிறது.

விரல் வைக்க ஏழு துளை, அதற்குக் கீழே விரல் படாத ஐந்து துளை. அந்த ஐந்தும் எதற்கு என்று இவன் கேட்டான். சுருதியைச் சரிக்கட்ட, தேவைப்பட்டால் மெழுகு வைத்து அடைத்துக்கொள்வார்கள். அடியில் விரிந்து நிற்கும் புனல் போன்ற பாகம் அணசு, தனி மரத்தில் கடைந்து மாட்டுவது. மேலே கெண்டை என்கிற சின்ன உலோகக் குழாய், அதில் வாயில் வைத்து ஊதுகிற சீவாளி. சீவாளி கொருக்கைத் தட்டையில் செய்வது, அது பக்கத்திலேயே திருவாவடுதுறையில் நடக்கிற தனிக் கைத்தொழில். வாசிப்பவர்கள் நாலைந்து சீவாளிகளைக் கயிற்றில் கோத்துத் தொங்கவிட்டிருப்பார்களே, அலங்காரம் என்று சின்ன வயதிலிருந்து இவன் நினைத்திருந்தானாம். ஒன்று மக்கர் பண்ணினால் இன்னொன்று, அவ்வளவுதான் கதை.

பழைய நாதஸ்வரம் திமிரி. குட்டையாக இருக்கும், சுருதி உச்சத்தில் நிற்கும், சுத்த மத்யமம் என்கிற 'ம' ஸ்வரம் தானாக விழாது, வாசிப்பவர் ஊதுகிற விதத்தில் அதை வரவழைக்க வேண்டும். 1950களின் நடுவில் இதே ஊர் ரங்கநாதன் ஆச்சாரி, நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக இரண்டரை அடி நீளத்தில் பாரி நாயனத்தைச் செய்து அந்தச் சிக்கலைத் தீர்த்தார். ராஜரத்தினம் பிள்ளை 1956இல் போய்விட்டார், ஆனால் இன்று கல்யாணத்திலும் கோயிலிலும் நாம் கேட்பதெல்லாம் பெரும்பாலும் அந்தப் பாரிதான். தோடி ராகம் என்றால் இன்றைக்கும் அவர் பெயரைத்தான் சொல்கிறார்கள். அந்தத் தோடிக்குப் பின்னால் இப்படி ஒரு பட்டறை இருந்தது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? கீர்த்தனை எழுதியவர்களுக்கு மண்டபம் கட்டினோம், கருவி செய்தவருக்கு ஒரு பலகை கூட வழியில் கண்ணில் படவில்லை.

கடைசியில் செய்து முடித்த ஒன்றை எடுத்துச் சீவாளியை வாயில் வைத்து நனைத்துவிட்டு அவர் ஊதினார். பாட்டு இல்லை, வெறும் ஸ்வரம், கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. அந்தத் தகரக் கொட்டகையில் அது எழுப்பிய சத்தத்தில் காது அதிர்ந்தது, என் நண்பன் ஒரு எட்டு பின்னால் போனான். நாதஸ்வரம் திறந்த வெளிக்கான வாத்தியம் என்று படித்திருந்தேன், ஆறடித் தூரத்தில் நின்றபோதுதான் புரிந்தது. நண்பனுக்கும் ஊதிப் பார்க்க ஆசை. கன்னம் புடைக்க ஊதினான், காற்று மட்டும் வந்தது. பெரியவர் ரொம்ப ரசித்தார்.

இங்கே அனுமதிக் கட்டணம் எதுவும் கிடையாது. ஒரு மனிதரின் வேலை நேரத்தை ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டு சும்மா வருவது சரியில்லை என்று பட்டதால் கிளம்பும்போது கொஞ்சம் பணம் கொடுத்தோம், முதலில் வேண்டாம் என்றார், அப்புறம் வாங்கிக்கொண்டார். சுற்றுலாத் திட்டத்துக்குக் காசு வாங்குகிறவர்கள் அதிலிருந்து ஒரு பங்கை இங்கே கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

திருவாவடுதுறை ஆதீனத்தையும் கோயிலையும் வாசலிலிருந்தே பார்த்துவிட்டு, உள்வழியாகக் குடவாசல் பக்கம் வண்டியைத் திருப்பச் சொன்னோம். ஆறு மணிக்குள் திருவாரூரில் இருந்தாக வேண்டும்.

திருவாரூர்தான் கர்நாடக இசை மும்மூர்த்திகள் மூவரும் பிறந்த ஊர். சியாமா சாஸ்திரி 1762, தியாகராஜர் 1767, முத்துசுவாமி தீட்சிதர் அதற்குச் சில ஆண்டுகள் கழித்து. மூன்று பேர் பிறந்த இடங்களும் நடக்கிற தூரத்திலேயே நினைவிடங்களாக இருக்கின்றன. ஒன்று பூட்டியிருந்தது, சாவி வைத்திருப்பவர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். திறந்திருந்த ஒன்றில் படம், விளக்கு, பாய். போய்க் கும்பிட வேண்டும் என்பவர்கள் கும்பிடலாம். இசையைத் தேடி வருகிறவர்களுக்கு அங்கே எதுவும் கேட்காது. ஒரு ஸ்பீக்கர் வைத்து அவரவர் பாட்டை மெதுவாக ஓட விட்டால்கூடப் போதும். ஒரு வீட்டிலும் அதைச் செய்யவில்லை.

தியாகராஜ சுவாமி கோயிலில்தான் கேட்டது (இந்தத் தியாகராஜர் பாடகர் இல்லை, சிவன்). சாயரட்சை என்கிற சாயங்கால பூஜை இந்தக் கோயிலில் விசேஷம், அதனால்தான் நாள் முழுக்க டிரைவர் அண்ணனை அவசரப்படுத்திக்கொண்டே வந்தேன். பெரிய கோயில், ஐந்து வேலி என்பார்கள், எதிரே கமலாலயம் குளமும் அதே அளவு, உள்ளே நடந்து போவதற்கே நேரம் பிடிக்கும். தவிலும் நாதஸ்வரமும் கல் மண்டபத்துக்குள் சேர்ந்து எழும்பியபோது மத்தியானம் தகரக் கொட்டகையில் கேட்ட அதே வாத்தியமா இது என்று இருந்தது. அங்கே காதைக் குத்தியது இங்கே தூணுக்குத் தூண் உருண்டு வருகிறது. பல கோயில்களில் இப்போது சுவிட்சைத் தட்டினால் மணியும் முரசும் தானாக அடிக்கும் மெஷின் வைத்துவிட்டார்கள், டமடமவென்று ஒரே தாளம், தலைவலி. ஆள் உட்கார்ந்து வாசிக்கிற கோயிலில் ஒரு பூஜை நின்று கேட்டுவிட்டால் அந்த மெஷின் மேல் வருகிற கோபம் இரண்டு மடங்காகிவிடும்.

பஞ்சமுக வாத்தியமும் இங்கேதான். வெண்கலத்தில் ஒரே உடம்பு, ஐந்து வாய், நடுவில் பெரியதாக ஒன்று, சுற்றி நாலு, ஒவ்வொன்றுக்கும் ஒரு தொனி. நண்பன் இதைப் பார்த்துவிட்டு "டிரம்ஸ் கிட்டு" என்றான், அவனை அடிக்கலாம் போல இருந்தது, ஆனால் உருவத்தைச் சொன்னால் தப்பில்லை. தீட்சிதர் கீர்த்தனைகள் கேட்கிற பழக்கம் உள்ளவர்கள் கமலாம்பாள் சன்னதிக்குப் போகாமல் திரும்பாதீர்கள். தீட்சிதரின் நவாவரணக் கீர்த்தனைகள் இந்த அம்பாள் மேல் பாடப்பட்டவை. நாங்கள் போனபோது ஒரு மாமி யாரையும் லட்சியம் செய்யாமல் தூணோரம் உட்கார்ந்து மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தார். சுருதி கொஞ்சம் முன்னே பின்னே. அன்றைக்கு நாங்கள் கேட்ட ஒரே வாய்ப்பாட்டு அதுதான்.

செலவைப் பொறுத்தவரை, நாள் வாடகை, டிரைவர் பேட்டா, கிலோமீட்டர் தாண்டினால் கூடுதல் என்று வழக்கமான கணக்குதான். மொத்தம் இருநூறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும், அதனால் "இசைச் சுற்றுலா" என்று தனியாக எதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை, சாதாரண வாடகை வண்டியே போதும். பட்டுக் கடை வேண்டாம் என்று முன்பணம் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்கள் தாராசுரத்தை விட்டுவிடலாம். முட்டி வலி உள்ள பெரியவர்களுக்குத் திருவாரூர்க் கோயில் நடை கொஞ்சம் கஷ்டம். கத்திரி வெயிலில் கிளம்பவே கிளம்பாதீர்கள்.

தஞ்சாவூர் வீணைப் பட்டறைகளையும் இதே நாளில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டால், வேண்டாம். பலா மரத்தில் குடம் குடைவதைப் பார்க்க ஆரம்பித்தால் மத்தியானம் ஆகிவிடும். சீர்காழியும் அப்படியே. முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை என்று தமிழிசை மூவருக்கு அங்கே மணிமண்டபம் இருக்கிறது, எதிர்த்திசையில் தூரம் வேறு. அதற்கு இன்னொரு நாள் வைத்துக்கொண்டு சிதம்பரத்தோடு சேர்த்துப் போவதுதான் சரி.